ஆர்ல் நாட்குறிப்பு: தூங்குகிறவர்களும் ஒரு முழங்கையும்

நாள் 1: செவ்வாய், ஜூலை 2, 2024

தெற்கு பிரான்சில், மார்செய்யிலிருந்து ரயிலில் ஏறி உட்கார்ந்து, சன்னல் பக்கம் கொஞ்சம் வேடிக்கை பார்ப்பதற்குள் ஆர்ல் வந்துவிட்டது. இறங்கிய நேரம் உச்சி வெயில். தோளில் தொங்கிய பையில் துணிமணியைவிடக் கனமாக ஒன்று இருந்தது. என் டம்மி. புகைப்படப் புத்தகம் போட நினைப்பவர்கள், அச்சுக்குப் போகுமுன் தாங்களே வெட்டி, ஒட்டி, தைத்து வைத்துக்கொள்ளும் மாதிரிப் பிரதிக்கு அந்தப் பெயர். என்னுடையதில் 64 படங்கள். எல்லாம் ரயிலில் தூங்குகிறவர்கள். ஆறு வருடமாக எடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வரக் காரணம், வருடா வருடம் கோடையில் இந்தச் சின்ன ஊர் முழுக்கப் புகைப்படக் கண்காட்சியாக மாறுவதுதான்.

1970இல் புகைப்படக்காரர் லூசியன் கிளெர்க், எழுத்தாளர் மிஷேல் துர்னியே, இங்கிருந்த அருங்காட்சியகக் காப்பாளர் ழான்-மொரீஸ் ருக்கெத் மூவரும் தொடங்கிய விழா. தேவாலயம், மடாலய முற்றம், பழைய தொழிற்கூடம் என்று காலியாகக் கிடைத்த இடத்திலெல்லாம் படம் மாட்டுவார்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாமார்த்தின் சதுக்கம். ஓவியர் வான் கோ குடியிருந்து வரைந்த மஞ்சள் வீடு இங்கேதான் இருந்தது. 1944 குண்டுவீச்சில் போய்விட்டது. இப்போது அந்தச் சதுக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். அதன் மாடியிலும் கண்காட்சி நடக்கிறது. கீழே சோப்பும் தக்காளியும், மேலே சமகாலக் கலை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. மேலே ஏறுகிறவர்கள் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புனித இடத்துக்குள் நுழைவதுபோல நடப்பதில்லை.

நாடு தேர்தலில் இருக்கிறது. ஞாயிறன்று முதல் சுற்று முடிந்து தீவிர வலதுசாரிகள் முன்னிலை. வரும் ஞாயிறு இரண்டாம் சுற்று. காபிக் கடையில் எல்லா மேசையிலும் அதே பேச்சு. அந்த மனநிலையோடு டெபி கார்ன்வாலின் படங்களைப் பார்த்தேன். அமெரிக்கர், முன்பு குடிமை உரிமைகளுக்கான வழக்கறிஞர். எல்லைக் காவல் பயிற்சிப் பள்ளியில் அகதியாகவும் கடத்தல்காரராகவும் நடிக்க அமர்த்தப்பட்டவர்கள், போர் அருங்காட்சியகத்துப் பொம்மைகள், அரசியல் கூட்டத்தில் கொடி போர்த்திய நிஜ மனிதர்கள் என்று எல்லாரையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நிதானத்தில் எடுத்திருக்கிறார். எது நடிப்பு, எது பொம்மை, எது நிஜம் என்று கொஞ்ச நேரத்தில் குழம்பிவிடும். அந்தக் குழப்பம்தான் அவருக்கு வேண்டியது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் பார்த்தால் பாதிப் படங்கள் சும்மா நிற்கின்றன. இதைக் குறையென்று சொல்லலாமா என்று இன்னும் தெரியவில்லை. எழுத்து இல்லாமல் நிற்காத படத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு மனசு கேட்கிறது. எழுத்தும் படத்தின் ஒரு பகுதிதானே என்று இன்னொரு மனசு.

கால் வலி. தூங்கப் போகிறேன்.


நாள் 2: புதன், ஜூலை 3

இன்று முழுக்க ஒரே ஆள். அமெரிக்கப் புகைப்படக்காரர் மேரி எலன் மார்க்.

இடம் எஸ்பாஸ் வான் கோ. காதை அறுத்துக்கொண்ட வான் கோவைக் கொண்டுவந்து சேர்த்த பழைய மருத்துவமனை இது. நடுவில் இருக்கும் தோட்டத்தை அவர் வரைந்திருக்கிறார். நோயாளிகள் கட்டில் போட்டுப் படுத்திருந்த கூடத்தையும் வரைந்திருக்கிறார். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தால் சுவரில் மார்க்கின் ‘வார்டு 81’. ஓரிகான் மாநில மனநல மருத்துவமனையில் பெண்களைப் பூட்டி வைத்திருந்த பிரிவு. 1976இல் மார்க்கும் எழுத்தாளர் கேரன் ஃபோல்கர் ஜேக்கப்ஸும் 36 நாள் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். ஒரு மருத்துவமனைக்குள் இன்னொரு மருத்துவமனை. திட்டமிட்டுச் செய்தார்களா, இடவசதிக்காக அப்படி அமைந்ததா தெரியாது. சன்னலுக்கு வெளியே பூந்தோட்டமும் உள்ளே குளியல்தொட்டியில் கழுத்துவரை மூழ்கிய பெண்ணும் ஒரே பார்வையில் பட்டபோது கொஞ்சம் நின்றுவிட்டேன்.

அடுத்து பம்பாய். ஃபாக்லண்ட் ரோடு, பாலியல் தொழில் நடந்த தெரு. 1968இலேயே முயன்று, அந்தத் தெருப் பெண்கள் விரட்டியடித்து, பத்து வருடம் கழித்து 1978இல் மறுபடி போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து எடுத்தது. 1981இல் புத்தகமாக வந்தது. எல்லாம் வண்ணம். நீலச் சுவர், பச்சைக் கதவு, சிவப்புச் சேலை. இந்த வண்ணத்தைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. படங்கள் அழகாக இருக்கின்றன. சுண்ணாம்பு நீலத்தின்மேல் விழும் பல்பு வெளிச்சத்தைப் பார்த்துக் கண் மகிழ்கிறது. மகிழ்ந்த அடுத்த நொடி, எதைப் பார்த்து மகிழ்கிறாய் என்று உறைக்கிறது. வெள்ளைக்காரி வந்து நம் ஊர் அழுக்கை எடுத்தாள் என்ற பழைய வசையை நானும் மனதுக்குள் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன். முழுசாக ஒட்டவில்லை. ஏனென்றால் அந்தப் பெண்கள் அவரைப் பார்க்கிறார்கள். சலிப்பாக, கேலியாக, சிலர் பிரியமாகக்கூட. யார் நிற்கிறாள், எதற்கு நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புத்தகம் நியூயார்க்கில் விற்றது. தெரு அங்கேயேதான் இருந்தது. ஆனால் ஒளிந்து நின்று எடுத்த படங்கள் இல்லை இவை.

கல்கத்தாவில் அன்னை தெரசாவின் இல்லங்களில் எடுத்தவை எனக்குப் பலவீனமாகப் பட்டன. ஒல்லியான உடம்புகள், மேலே பார்க்கும் கண்கள், தொடும் கைகள். என்ன சொல்லப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு எடுத்ததுபோல இருக்கின்றன. ஃபாக்லண்ட் ரோட்டில் இருந்த குறும்பு இங்கே இல்லை. மரியாதை அதிகமானால் படம் படுத்துவிடுமோ என்னவோ.

சர்க்கஸ் அறைக்கு வந்ததும் குறும்பு திரும்பிவிட்டது. இந்திய சர்க்கஸ் கம்பெனிகளோடு 1989, 90இல் சுற்றியிருக்கிறார். அகமதாபாத்தில் கிரேட் கோல்டன் சர்க்கஸ்: ராம் பிரகாஷ் சிங் என்ற மனிதர், அவருடைய யானை சியாமா. யானையின் தும்பிக்கை அவர் கழுத்தைச் சுற்றி மாலைபோலக் கிடக்கிறது. அவர் முகத்தில் சிரிப்பில்லை; போலீஸ் அதிகாரி மாதிரி விறைப்பு. யானையின் கண் சின்னதாக, பக்கவாட்டில். இணையத்தில் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். செல்பேசித் திரையில் இந்தப் படம் ஒரு வேடிக்கை. நேரில் அச்சாகப் பார்க்கும்போது தும்பிக்கைத் தோலின் மடிப்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்படும்போலத் தெரிகிறது. யார் யாரை வைத்திருக்கிறார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

கடைசியாக டைனி. சியாட்டில் தெருக்களில் 1983இல் சந்தித்த 13 வயதுப் பெண், எரின் பிளாக்வெல். ஹாலோவீன் வேடத்தில், முகத்தில் வலை போட்ட தொப்பியோடு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் பிரபலம். அதற்கப்புறம் மார்க் 30 வருடத்துக்குமேல் அவரை எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிறுமி பத்துப் பிள்ளைகளுக்குத் தாயானார். 2015இல் மார்க் இறந்தார். அந்த வருடமே டைனி பற்றிய இரண்டாவது புத்தகம் வந்தது. பிரபலமான அந்த ஒரு படத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல படம், அவ்வளவுதான்.

தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து என் டம்மியைப் பிரித்தேன். 64 பேர். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. எத்தனையோ தடவை பெருமையாக நினைத்த விஷயம்தான் இது: யாருக்கும் தெரியாமல், யாரையும் எழுப்பாமல் எடுத்தேன் என்று. மூடி வைத்துவிட்டேன். நாளை இதை ஒருவரிடம் காட்ட வேண்டும்.


நாள் 3: வியாழன், ஜூலை 4

தொடக்க வாரத்தில் இங்கே மதிப்பீட்டுச் சந்திப்புகள் நடக்கும். பதிப்பாளர், கண்காட்சி அமைப்பாளர், பத்திரிகை ஆசிரியர் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் இருப்பார். முன்பதிவு செய்தால் 20 நிமிடம். எனக்குக் கிடைத்தவர் ஒரு பதிப்பாளர் அம்மா. பெயர் வேண்டாம். வணக்கம் சொல்லி, கைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டுதான் டம்மியைத் தொட்டார். அந்த ஒரு செயலுக்கே எழுந்து நின்று கும்பிடலாம்போல இருந்தது.

புரட்டினார். நிதானமாக ஆரம்பித்து, பத்துப் படத்துக்கப்புறம் வேகம் கூடியது. பதினேழாவது படத்தில் நின்றார்.

“இது யாருடைய முழங்கை?”

வலது ஓரத்தில் ஒரு சின்ன முழங்கை. தூங்குகிற மனிதரைப் பெரிதாக்க ஓரத்தை வெட்டியபோது மிஞ்சியது. “பக்கத்தில் யாரோ. வெட்டும்போது முழுசாகப் போகவில்லை” என்றேன். “ம்” என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போனார். இருபதாவது படத்தில் மூடிவிட்டார்.

“புரிந்துவிட்டது” என்றார். “மீதி 44 படத்தைப் பார்த்தாலும் இதேதான் புரியும், இல்லையா? இது ஒரு தொடர். நல்ல தொடர்கூட. ஆனால் புத்தகம் இல்லை.”

மிச்சமிருந்த பத்து நிமிடம் வேறு என்னென்னவோ பேசினார். என் காதில் விழவில்லை. கோபம் என்று சொன்னால் சரியாக இருக்காது. தெரிந்த விஷயத்தை வேறொருவர் வாயால் கேட்கும்போது வரும் எரிச்சல்.

வெளியே வந்தால் வெயில் கொளுத்துகிறது. நகரமன்றத்துக்குள் போய், அடியில் இருக்கும் கிரிப்டோபோர்டிகஸுக்கு இறங்கினேன். கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் தங்கள் ஊர்ச் சதுக்கத்தைச் சமமாகத் தாங்கக் கட்டிய நிலத்தடிக் கூடங்கள். படி இறங்க இறங்கக் குளிர். கல் வளைவுகள், ஈரம், எங்கோ சொட்டும் தண்ணீர். அங்கே பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி கால்.

கதையைச் சொல்லியாக வேண்டும். சோஃபி கால் 1986இல் பிறவியிலேயே பார்வையில்லாதவர்களைச் சந்தித்து, உங்களைப் பொறுத்தவரை அழகு எது என்று கேட்டார். ஒவ்வொருவருடைய முகம், அவர் சொன்ன பதில், அந்தப் பதிலில் வந்த பொருளின் படம், மூன்றும் சேர்ந்து ஒரு தொகுதி. ஒருவர் கடலைச் சொன்னார். 2023இல் பாரிஸ் பிக்காசோ அருங்காட்சியகத்தில் தன் பெரிய கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, புயல் மழையில் அவருடைய கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து இந்தப் படங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. மற்றவற்றுக்கும் பரவும், அழித்துவிடுங்கள் என்று பாதுகாப்பு நிபுணர்கள் சொன்னார்கள். அவருக்கு மனசு வரவில்லை. ஆர்லின் இந்த நிலவறையில் மாட்டிய படங்களில் பூஞ்சை பிடிக்கிறது என்று கேள்விப்பட்டவர், அப்படியானால் என் படங்கள் அங்கேயே முடியட்டும் என்று கேட்டு வாங்கி இங்கே வைத்துவிட்டார். தலைப்பு, அழகாக முடிவது என்ற பொருளில்.

முதலில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன். சோஃபி கால் எதையும் கதையாக்கிவிடுவார். பூஞ்சையைக்கூட விடவில்லையே என்று. கதை அத்தனை கச்சிதமாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும். ஆனால் அங்கே அரைமணி நேரம் நின்றபோது கதை மெல்ல விலகிக்கொண்டது. பார்வையில்லாதவர்களின் முகங்கள், தாங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத படத்தில், இருட்டில், ஈரத்தில். அந்த வேலை வெளிவந்த காலத்திலிருந்தே இருக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: திருப்பிப் பார்க்க முடியாதவர்களை உற்றுப் பார்ப்பது என்ன நியாயம்? சோஃபி கால் தரும் ஒரே ஈடு, அவர்களுக்குப் பேச்சைக் கொடுத்தது. முகத்துக்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன அழகு இருக்கிறது. நம்மைவிட நுட்பமாகப் பார்க்கிறார்கள் சிலர்.

என் 64 பேரும் திருப்பிப் பார்க்க முடியாதவர்கள்தான். தூக்கம் தற்காலிகம் என்பது மட்டும் வித்தியாசம். அவர்களுக்கு நான் பேச்சும் கொடுக்கவில்லை.

இன்னொன்று. சுவரில் இருக்கும் படங்கள் அழுகினாலும் அந்த வேலை அழியவில்லை. இதே ஊரில் இருக்கும் ஆக்த் சூத் பதிப்பகம் 2011இலேயே அதைப் புத்தகமாகப் போட்டுவிட்டது. மேலே வெயிலில் ஏதாவது ஒரு கடையில் இருக்கும்.


நாள் 4: வெள்ளி, ஜூலை 5

புத்தக நாள். காலையிலிருந்து மாலைவரை மேசை மேசையாக நின்றதில் இடுப்பு போய்விட்டது.

ஒரே நாளில் இருநூறு புகைப்படப் புத்தகத்தைப் புரட்டினால் சில விஷயங்கள் கண்ணில் குத்த ஆரம்பிக்கும். முதுகைத் திறந்துவிட்டு நூல் தெரியத் தைப்பது இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டது. நடுவில் ஒரு டிரேசிங் தாள். உறைக்குள் ஒரு கடிதம். பாட்டியின் பழைய ஆல்பத்திலிருந்து நான்கு படம். மங்கலான ஒரு பறவை. கடைசியில் யாருக்கும் புரியாத ஒரு கட்டுரை, அதுவும் ஆறு புள்ளி எழுத்தில். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு நல்ல புத்தகத்தில் தேவையால் பிறந்ததுதான். இப்போது சீருடை ஆகிவிட்டது. ஆசையாக ஒன்றை வாங்கினேன், நாற்பத்தைந்து யூரோ. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாம் தடவை திறந்ததும் எட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். கையால் செய்தது, அப்படித்தான் இருக்கும் என்றார் மேசைக்காரர், அதுவும் ஒரு அழகியல் என்கிற தொனியில். சரி, ஐயா.

தேவையால் பிறந்தது என்று சொன்னேனே, அதற்கு உதாரணம்: ஜப்பானியப் புகைப்படக்காரர் கவாடா கிகுஜி 1965இல் போட்ட ‘சிசு’. ஜப்பானிய மொழியில் வரைபடம் என்று பொருள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சரியாக இருபதாவது வருடம், ஆகஸ்ட் 6 அன்று வெளிவந்தது. அணுகுண்டு நினைவுக் கட்டடத்தின் கூரையிலும் சுவரிலும் இருந்த கறைகள், நசுங்கிய சிகரெட் பாக்கெட், கோகோ கோலா பாட்டில். அதில் பக்கங்கள் இரண்டு பக்கமும் கதவுபோலத் திறக்கும். ஒவ்வொரு கதவையும் நாமே திறந்தால்தான் உள்ளே இருக்கும் கறை தெரியும். மடிப்பை எடுத்துவிட்டால் அந்தப் புத்தகமே இல்லை. இன்று மேசைகளில் பார்த்த மடிப்புகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டால் தபால் செலவு குறையும்.

பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் ராபர்ட் ஃப்ராங்கின் ‘அமெரிக்கர்கள்’ இரண்டு பதிப்பும் இருந்தன. தொட விடவில்லை, அவரே புரட்டிக் காட்டினார். இதற்காகவே இன்று வந்ததுபோல ஆகிவிட்டது. 1955 தொடங்கி அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி ஃப்ராங்க் எடுத்தது 767 ரோல், ஏறத்தாழ 27,000 படம். புத்தகத்தில் இருப்பது 83. அதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் பார்க்க விரும்பியது வேறு. முதல் பதிப்பு 1958இல் பாரிஸில், ரோபேர் டெல்பிர் போட்டது. அட்டையில் ஃப்ராங்கின் படம்கூடக் கிடையாது, சால் ஸ்டைன்பெர்க்கின் கோட்டோவியம். உள்ளே வலப்பக்கம் படம், இடப்பக்கம் முழுக்க அமெரிக்காவைப் பற்றிப் பலர் எழுதியதன் பகுதிகள். அடுத்த வருடம் நியூயார்க்கில் குரோவ் பிரஸ் போட்டபோது அந்த எழுத்தெல்லாம் போய்விட்டது. இடப்பக்கம் ஒரு சின்னத் தலைப்பு வரி, மற்றபடி வெறுமை.

அதே 83 படம். ஆனால் முதல் பதிப்பில் அவை சமூகவியல் பாடநூலுக்குப் போட்ட படங்கள்போல இருக்கின்றன. இரண்டாவதில் இடப்பக்கத்து வெற்றிடம் மூச்சு விடுகிறது. போன பக்கத்துப் படம் மனதில் கரைவதற்குள் அடுத்தது வருகிறது. கொடி, அதற்குப் பின்னால் மறைந்த முகம், பிறகு வேறொரு கூட்டம். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. விற்பவர் இரண்டையும் மூடிவிட்டு, “வாங்குகிறீர்களா?” என்று சிரித்தார். அவருக்கே தெரியும்.

பதிப்பாளர் அம்மா சொன்னது அப்போதுதான் இறங்கியது. என் டம்மியில் படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒன்றுமே நடப்பதில்லை. தூங்குகிறார், தூங்குகிறார், தூங்குகிறார். வரிசையை எப்படி மாற்றிப்போட்டாலும் அதேதான். சீட்டுக்கட்டு மாதிரி.

மாலையில் ஒரு மேசையில் வசந்த யோகானந்தனின் புத்தகங்களைப் பார்த்தேன். பிரான்சில் பிறந்தவர், தந்தை இலங்கைக்காரர். மார்செய்யில் இருக்கும் ஷோஸ் கொம்யூன் பதிப்பகத்தின் நிறுவனர்களில் ஒருவரும்கூட. ராமாயணம் நடந்ததாகச் சொல்லும் வழியில் வடக்கிலிருந்து தெற்கே இலங்கைவரை பல வருடம் பயணம் செய்து, காண்டத்துக்கு ஒன்றாக ஏழு புத்தகம் போட்டிருக்கிறார். 2016இல் முதலாவது, 2021இல் ‘அம்மா’ என்ற ஏழாவது. ராமாயணம் என்றதும் எனக்கு ஒரு சலிப்பு வந்தது உண்மை. வெளிநாட்டுக்குக் காட்ட இதைவிட எளிதான சரக்கு இருக்கிறதா? ஆனால் படங்களில் ராமன் இல்லை, சீதை இல்லை. வயல் வரப்பில் நிற்கும் பையன். கடலைப் பார்த்து முதுகு காட்டும் பெண். சில கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு, பழைய ஸ்டுடியோப் படங்களுக்குச் செய்வதுபோல, கையால் வண்ணம் தீட்டச் செய்திருக்கிறார். கதை நமக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு சாதாரண ஆளையும் நாமே பாத்திரமாக்கிவிடுகிறோம். வேலையைப் பார்க்கிறவர் தலையில் கட்டிவிட்ட சாமர்த்தியம். ஏழில் தசரா இரவுகளில் எடுத்த ‘மறுமை’ எனக்குப் பிடித்தது; இருட்டும் ஃபிளாஷும் மோதி, மற்றவற்றின் மென்மை அதில் கிழிந்துபோகிறது. மற்ற ஆறிலும் அந்த மென்மை சில இடங்களில் திகட்டுகிறது. எல்லா வானமும் ஒரே வெளிர் இளஞ்சிவப்பு. ஒன்றாவது கொஞ்சம் அழுக்காக இருக்கக்கூடாதா?

இரவு ரோமானியத் திறந்தவெளி அரங்கில் பெரிய திரை கட்டிப் படம் காட்டினார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இதற்குமேல் கண்ணுக்குள் எதுவும் போகாது.


நாள் 5: சனி, ஜூலை 6

காலையில் ஜப்பானியப் புகைப்படக்காரர் இஷியுச்சி மியாக்கோ. கண்காட்சியின் பெயரே உடைமைகள். மூன்று வேலைகளிலிருந்து படங்கள். 2000இல் இறந்த தன் அம்மாவின் உள்ளாடைகள், தேய்ந்த உதட்டுச்சாயம், தலைமுடி சிக்கிய சீப்பு. மெக்சிகோவில் ஓவியர் ஃப்ரீடா காலோவின் முதுகைத் தாங்கும் கோர்செட்டுகள், உயரம் ஒத்துப்போகாத காலணிகள். 1954இல் ஃப்ரீடா இறந்தபின் குளியலறையில் வைத்துப் பூட்டி 2004வரை திறக்காமலே கிடந்தவை. அப்புறம் ஹிரோஷிமா: குண்டில் இறந்தவர்கள் போட்டிருந்த உடைகள், நினைவு அருங்காட்சியகத்தில் இருப்பவை.

ஹிரோஷிமா உடைகளைப் பார்த்து முதலில் தோன்றியது, எவ்வளவு நல்ல துணி. பூப்போட்ட சட்டை, மெல்லிய இழை, கையால் தைத்த பொத்தான் துளை. வெளிச்சம் ஊடுருவி வருகிறது. துணிக்கடை விளம்பரம்போல அழகு. அதற்கப்புறம்தான் ஓட்டைகள் தெரிகின்றன, ஓரம் கருகியது தெரிகிறது. நேற்று கவாடாவின் கறைகளைப் பற்றி எழுதினேன். அதே ஊர், அதே நாள், ஆனால் அது முழுக்க இருட்டு. இஷியுச்சி இருட்டை மறுத்துவிட்டார். அன்று காலை இந்தப் பெண்கள் எதை உடுத்தலாம் என்று யோசித்து எடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் தொண்டை அடைத்தது. ஐந்து நாளில் முகமே இல்லாத படங்கள் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

பேராயர் மாளிகையில் ஜப்பானியப் பெண் புகைப்படக்காரர்களின் கண்காட்சி, 1950களிலிருந்து இன்றுவரை. ஜப்பானியப் புகைப்படப் புத்தகம் என்றால் இதுவரை நான் வாங்கியது, படித்தது எல்லாம் ஆண்கள். நேற்று உதாரணம் தேடியபோதுகூட வாயில் வந்தது கவாடாதான். அங்கே வைத்திருந்த புத்தகங்களில் பாதியின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுதுவது தப்பு.

இளம் கலைஞர்களுக்கான விருதுப் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் செபிசோ மஸிபுக்கோ. தொக்கோசா என்ற தன் ஊரில், நிறவெறி ஆட்சி முடிந்தபின் பிறந்த தலைமுறையை, காலாவதியான ஃபிலிமில் எடுத்திருக்கிறார். தலைப்பு ஒரு சோத்தோ பழமொழி: நடக்கவே போகாத ஒன்றை நம்புவது. காலாவதி ஃபிலிமின் மங்கலை நான் பொதுவாக வெறுப்பேன், சோம்பேறிகளின் கவிதை என்று. இங்கே வாயை மூடிக்கொண்டேன். சுதந்திரம் என்று கொடுக்கப்பட்டதே தேதி முடிந்த சரக்கு என்று அந்த வண்ணமே சொல்லிவிடுகிறது. அந்தப் பிரிவில் விருதும் வாங்கினார்.

அறைக்கு வந்து தரையில் துண்டை விரித்து, டம்மியின் தையலைப் பிரித்தேன். ஆறு வருடத்தைப் பிரிக்கக் கத்தரிக்கோலுக்கு இரண்டு நிமிடம் போதும். 64 படத்தையும் பரப்ப அறை பத்தவில்லை; கட்டில்மேலும் வைத்தேன். ஒரே மாதிரி இருப்பதை எடுத்துக்கொண்டே வந்தேன். 41. அப்புறம் 33. அதற்குமேல் எடுக்க மனசு வராமல் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து, 26 ஆக்கினேன். இடையில் சில வெள்ளைத் தாள்களை வைத்துப் பார்த்தேன். ஃப்ராங்க் ஆகிவிட்டோம் என்ற நினைப்பில் சிரிப்பு வந்தது.

பதினேழாவது படம் மிச்சத்தில் இருக்கிறது. தூங்குகிற மனிதர் நடுத்தர வயது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. வலது ஓரத்தில் அந்த முழங்கை. இரவு பத்து மணிக்குமேல் திடீரென்று நினைவு வந்தது. அது அவருடைய மகள். ஏழெட்டு வயது இருக்கும். தூங்கவில்லை. நான் கேமராவைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை எடுக்கிறாயா என்று கேட்பதுபோல ஒரு பார்வை. எனக்குச் சங்கடமாகி, ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்திலிருந்து அவளை வெட்டினேன். மற்ற படங்களோடு பொருந்தவில்லை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முழுப் படம் வீட்டில் ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். இருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் ரயில். இப்போதைக்குக் கையில் இருப்பது முழங்கை மட்டும்தான். அதை வரிசையில் கடைசியாக வைத்துப் பார்த்தேன். பிறகு முதலாவதாக. இரண்டும் சரியாக வரவில்லை. நடுவில் வைத்து, பக்கத்தில் அவளுக்கு ஒரு வெள்ளைத் தாள் விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.